மாப்பிள்ளைக்குத் தண்ணீர் பார்த்தது

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததில், லேப்காரருக்குத் தலை இடது பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது. ஊரில் பாதிப் பேரின் முகம் அவருக்குத் தெரியாது. சிறுநீரைக் காட்டினால் இன்னார் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியும், டீயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். சர்க்கரை போட்டிருக்கிறதா என்பதை நாக்கால் பார்த்தால் போதும், கண்ணால் பார்க்க வேண்டாம் என்று மனைவி தினமும் சொல்வாள். தினமும் கேட்டுக்கொள்வார். தினமும் ஜன்னலுக்குப் போவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு அவருடைய அக்கா ஒரு பரீட்சை வைத்தாள்.

அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரலை உயர்த்தினால் சுற்றுகிற மின்விசிறி கூட எதற்கும் ஒரு நிமிடம் நின்று பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும். கணவர் போய் ஆறு வருடமாக, பஸ்ஸில் நாலு மணி நேரத் தொலைவில், ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக என்றும் சொல்ல முடியாது. கூட ஒரு தங்கமீன் இருந்தது. உள்ளங்கை அகலம், ஆரஞ்சு நிறம், எட்டு வயது. பெயர் மாப்பிள்ளை. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வர வேண்டும், வந்த பிறகும் போதவில்லை என்று கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு முறைக்க வேண்டும், வீடே தன்னைச் சுற்றி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிற பிராணிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

மாப்பிள்ளை வாசம் செய்தது ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியில். தினமும் காலையில் அக்கா இரண்டு பக்கெட் தண்ணீரை வெளியே எடுத்து, முந்தின நாளே பிடித்து வைத்த இரண்டு பக்கெட்டை உள்ளே ஊற்றுவாள். வடிகட்டி, விளக்கு, குமிழி விடுகிற குழாய் என்று எந்த அலங்காரமும் கிடையாது. எல்லாம் அவள் கைதான். அந்தக் கைதான் மழைக்காலத்தில் படியில் வழுக்கி மணிக்கட்டோடு உடைந்தது. கட்டு பிரித்த அதே வாரம், வீட்டுக்காரர் வீடு தனக்கே வேண்டும் என்று இரண்டு மாதத் தவணை கொடுத்தார்.

ஆறு வருடமாக லேப்காரர் வாரத்துக்கு ஒரு தடவை, “வந்துடேன் அக்கா” என்று போனில் கெஞ்சி வந்தார். ஆறு வருடமாக அவள் பேச்சை மாற்றி வந்தாள். இந்தத் தடவை மாற்றவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்திருப்பதாகவும், வாசலில் அல்லிக்குளம் இருப்பதாகவும், மாப்பிள்ளையை அதில் விட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னதாகவும் நிதானமாகச் சொன்னாள்.

“குளத்துல கொக்கு வரும்க்கா,” என்றார்.

“உன் வீட்ல நீ இருக்கியேடா.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒன்பது வயதில், அவள் ஊருக்குப் போன இரண்டு நாளில், பாட்டிலில் அவள் வளர்த்த இரண்டு குட்டி மீன்களுக்குப் பலம் வரட்டும் என்று அரை டம்ளர் பால் ஊற்றியவர் அவர். மத்தியானத்துக்குள் இரண்டும் பலமில்லாமல் மிதந்தன. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது; அந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

நிபந்தனை இதுதான். அவர் ஒரு பெரிய தொட்டி வாங்கி, தண்ணீரைப் பழக்கி, சோதித்து, தினமும் அவளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். இரண்டும் ஏழு நாள் விடாமல் பூஜ்யமாக இருந்தால் மாப்பிள்ளையோடு வருவாள். வீடு காலி செய்யும் தேதிக்குள் இது நடக்காவிட்டால் அல்லிக்குளம். பள்ளிக்கூட நாளெல்லாம் பூஜ்யம் வாங்கியதற்காகக் காதைத் திருகினவள், இப்போது பூஜ்யம் வாங்கிக் காட்டு என்கிறாளே என்று லேப்காரர் சிரித்துக்கொண்டே தொட்டிக்கு இடம் அளந்தார்.

கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரி வெளியேறியது. இருநூறு லிட்டர் தொட்டி உள்ளே வந்தது. அதை இறக்க நாலு பேர் தூக்கினார்கள், எட்டுப் பேர் யோசனை சொன்னார்கள். வடிகட்டியும், அதற்குள் ஒரு செங்கல் அளவுக்குப் பஞ்சும் பொருத்தினார். குழாய்த் தண்ணீரில் குளோரினை முறிக்கிற சொட்டு மருந்து விட்டார். பிறகு மீன் இல்லாத தொட்டியில் மீன் இருப்பது போலவே பாவித்து, மீன் போடும் கழிவுக்குப் பதில் தினமும் நாலு சொட்டு அமோனியா விட்டார்.

இதெல்லாம் எதற்கு என்று மனைவி கேட்டபோது, தனக்கு முன்னால் நூறு மாணவர்கள் உட்கார்ந்திருப்பது போல அவர் விளக்கினார். மீன் போடுவது அமோனியா. அது மீனுக்கே விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைக் கிருமி வந்து அதைத் தின்று நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். இரண்டாவது வகைக் கிருமி வந்து அதைத் தின்று சாதுவான நைட்ரேட்டாக்கும். அதை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு கிருமிக் கூட்டமும் குடியேற ஐந்து, ஆறு வாரம் ஆகும். மனைவிக்கு அதில் கிருமி என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

அவளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் வீட்டுக்குள் வருகிற ஈ வாசலில் ஆறு காலையும் துடைத்துக்கொண்டு வரும். துடைத்த தரையைத் துடைத்த துணியைத் துவைத்த வாளியைத் தேய்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் கைபடாத அழுக்கு அந்த வீட்டில் மூன்று நாள் உயிரோடு இருந்ததில்லை. அப்படிப்பட்டவளிடம், கூடத்தின் நடுவே, நாமே கிருமி வளர்க்கிறோம் என்றால் எப்படி இருக்கும்! எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

தினமும் காலை ஏழு மணிக்குச் சோதனை. லேப்காரர் பழைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார். குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர், சொட்டு மருந்து, குலுக்கல், ஐந்து நிமிடக் காத்திருப்பு. அமோனியாவுக்கு மஞ்சள் வந்தால் பூஜ்யம். பச்சை ஏற ஏற ஆபத்து. நைட்ரைட்டுக்கு வெளிர் நீலம் வந்தால் பூஜ்யம். ஊதா வந்தால் வம்பு. வண்ண அட்டையோடு ஒட்டிப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஏழரைக்கு அக்காவுக்குப் போன். பச்சை என்று சொன்னால், “ம்,” என்பாள். அந்த ஒற்றை எழுத்துக்குள் ஐம்பது வருடத்துப் பால் முழுவதும் இருக்கும்.

இரண்டு வாரம் பச்சை. சரி, கிருமி இன்னும் வரவில்லை. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை பச்சை வெளுத்து, நைட்ரைட் ஊதாவாகியது. முதல் கூட்டம் வந்து இறங்கிவிட்டது என்று லேப்காரர் தெருவில் போகிற தபால்காரரைக் கூப்பிட்டு ஊதாவைக் காட்டினார். சனிக்கிழமை பார்த்தால் மறுபடியும் கரும்பச்சை. நாலாவது வாரமும் அப்படியே. வியாழன் வெளுத்தது, சனி கறுத்தது. ஐந்தாவது வாரமும் அதே கூத்து. சோதனை மருந்துதான் கெட்டுப்போனது என்று, அதை வாங்கின வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் நாற்பது தொட்டிக்கு நடுவே நின்றுகொண்டு, மருந்து நேற்று வந்த சரக்கு, பார்க்கிற கண்ணைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்றார். முப்பத்து நான்கு வருடம் ஊரின் நிறத்தைப் பார்த்த கண்ணைப் பார்த்தா அப்படிச் சொல்வது! இனி இந்தக் கடைப் படி மிதித்தால் என்னை ஏன் என்று கேள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை. தவணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். லேப்காரர் நோட்டை விரித்து வைத்து, ஏழு வாரத்து எண்களையும் விரலால் தடவிப் பார்த்தார். முறை வைத்து வருகிற காய்ச்சலுக்கு ஒரு காரணம் இருக்கும் என்பது ஆஸ்பத்திரியில் கற்ற பாடம். இது வாராவாரம் சனிக்கிழமை வருகிறது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஏதோ நடக்கிறது. வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? அவர் நாலு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறார்.

அன்றும் போனார். தெரு முனை வரை கையை வீசிக்கொண்டு போனார். அங்கேயிருந்து, வேண்டாத விருந்தாளி வருவதைப் பார்த்த பூனை மாதிரி, சுவரோரமாகத் திரும்பி வந்தார்.

சமையலறைத் தொட்டியில் குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கெட்டில் ஆவி விட்டது. மனைவி, வடிகட்டிப் பஞ்சை வெந்நீரில் முக்கி எடுத்து, குளோரின் மணக்கிற குழாய்த் தண்ணீரில் காட்டி, பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு புதுத்துணி போல வெளுத்திருந்தது. ஒரு வாரம் முழுக்கக் குடியேறின கோடானுகோடிக் கிருமி, மூட்டை முடிச்சோடு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“என்ன பண்ற?” என்றார்.

அவள் திடுக்கிடக்கூட இல்லை. “வாராவாரம் நான்தான் கழுவி வைக்கிறேன். நீங்க ஒரு தடவையாவது கழட்டிப் பாத்திருக்கீங்களா? எப்படிக் கொழகொழன்னு இருக்கு தெரியுமா? நான் இல்லன்னா கூடமே நாறியிருக்கும்.”

லேப்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கோபம் வந்தால் கத்தலாம். வந்தது அது இல்லை. ஏழு வாரமாக இவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கிருமி வேண்டும், வேண்டும் என்று காலையும் மாலையும் கதறியதைக் கேட்டுக்கொண்டேதானே இருந்தாள்? நாத்தனார் வந்து வீட்டில் உட்கார வேண்டாம் என்று வாயால் சொல்ல மாட்டாமல், கையால் சொல்லிவிட்டாளோ? இந்த ஒரு எண்ணம் உள்ளே நுழைந்ததும் அவருக்கு இருநூறு லிட்டரும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போலாகிவிட்டது.

டீ வந்தது. அவர் அதை ஜன்னலுக்குக் கொண்டு போகவில்லை. அதைப் பார்த்துத்தான் மனைவி பயந்தாள். என்ன, என்ன என்று நாலு தடவை கேட்ட பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அக்கா வர்றது உனக்குப் பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

அவள் அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கிருமி இருப்பது தண்ணீரில் என்றுதான் தான் நினைத்ததாகவும், தண்ணீரை ஒரு சொட்டும் தொடவில்லை என்றும், பஞ்சு அழுக்கைப் பிடிக்கிற துணி மாதிரிதானே, அதைச் சுத்தமாக வைத்தால் நல்லதுதானே என்று நினைத்ததாகவும் சொன்னாள். லேப்காரர் யோசித்துப் பார்த்தார். நூறு மாணவர்களுக்கு எடுத்த அந்தப் பாடத்தில், கிருமி எங்கே குடியிருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

அவள் இன்னும் முடிக்கவில்லை.

“கல்யாணமாகி வந்த புதுசுல அண்ணி என்னை ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை, இந்த வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப, வாசல்ல நின்னு, ‘உன் வீட்ல உக்காந்தா மனசு சுத்தமாயிடுது’ன்னாங்க. இருபது வருஷமாச்சு. அவங்க வந்து பாக்கறப்ப இந்தக் கண்ணாடித் தொட்டில மட்டும் பாசியும் சேறுமா இருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன், சொல்லுங்க?”

லேப்காரர் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெகுநேரம் நிறம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே.

பன்னிரண்டு நாளில் முதலிலிருந்து ஆரம்பித்தால் ஆகாது. ஒரே வழிதான் உண்டு: ஏற்கெனவே பழகிய, கிருமி குடியிருக்கிற பஞ்சு ஒன்றை எங்கேயாவது வாங்கி வந்து வடிகட்டியில் வைக்க வேண்டும். அந்த ஊரில் அப்படிப்பட்ட பஞ்சு ஒரு கடையில்தான் இருந்தது. அந்தக் கடைப் படியைத்தான் அவர் மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தார்.

“நான் மிதிக்கிறேன்,” என்றாள் மனைவி.

மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் போனார்கள். லேப்காரர் எதிர்ச்சாரியில், நின்றிருந்த ஒரு பார்சல் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கடைக் கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. கடைக்காரர் ஒரு பஞ்சை எடுத்துக் காட்டினார். அவள் அதை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இன்னொன்று. அதுவும் ஆகவில்லை. கைகள் பறந்தன. உதடுகள் பறந்தன. கதவு திறந்து ஒரு வாடிக்கையாளர் வெளியே வந்தபோது அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

“இதைவிட அழுக்கா இல்லையா? நாங்க பாத்துப் பாத்து வாங்கற ஆளுங்க.”

லேப்காரர் பார்சல் வண்டியைப் பிடித்துக்கொண்டார். அழுக்குப் போதவில்லை என்று அவள் சண்டை போடுவதைக் கேட்க அவர் இன்னும் நூறு வருடம் அந்த வண்டிக்குப் பின்னாலேயே நிற்கத் தயாராக இருந்தார்.

கடைசியில், பின்பக்கத்தில் இருந்த மூத்த தொட்டியிலிருந்து ஒரு பஞ்சு வந்தது. கறுப்பும் பழுப்புமாக, ஒரு சாக்கடை உருண்டு திரண்டு உட்கார்ந்தது போல இருந்தது. கிருமி காயக்கூடாது, காற்றும் வேண்டும். அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்த எவர்சில்வர் தூக்கில், கடைத் தொட்டித் தண்ணீரிலேயே அதை மிதக்கவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். இரண்டாவது நிறுத்தத்திலேயே முன் வரிசை காலி. மூன்றாவதில் நடத்துனர், தூக்கில் என்ன என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“மாப்பிள்ளை வீட்டுக்கு,” என்றாள் மனைவி, நிமிர்ந்து உட்கார்ந்து.

வீட்டில் அதை வடிகட்டிக்குள் வைத்ததும் அவள்தான். வைத்ததும் ஒரு பழுப்புப் புகை எழுந்து இருநூறு லிட்டரையும் கலக்கியது. கூடத்தின் நடுவே ஒரு வண்டல் வெள்ளம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “தெளிஞ்சதும் சொல்லுங்க,” என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

தெளிந்தது. மூன்றாம் நாள் காலை, அமோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர் நீலம். இரண்டு பூஜ்யம். கணக்கில் அதுதான் முதல் நாள். அக்கா, “ம்,” என்றாள். ஆனால் இந்த ‘ம்’ சற்று நீளமாக இருந்தது. இரண்டாம் நாளும் பூஜ்யம். மூன்றாம் நாள், நாலாம் நாள். லேப்காரர் நடக்கும்போது தரையில் கால் படவில்லை. மனைவி வடிகட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் குழாயில் ஒரு சாயல் தெரிந்தது.

மஞ்சள்தான். ஆனால் சும்மா மஞ்சள் இல்லை. எலுமிச்சையைப் பச்சை இலைக்குப் பக்கத்தில் வைத்தால் வருமே, அப்படி ஒரு நிழல். ஜன்னலில் பார்த்தார். வாசலில் பார்த்தார். மாடிக்குப் போய்ச் சூரியனுக்கு நேரே பார்த்தார். எங்கே பார்த்தாலும் அது வண்ண அட்டையில் பூஜ்யத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கண்ணடித்தது. முந்தின நாள் சந்தோஷத்தில் அமோனியாவை நாலு சொட்டுக்குப் பதில் ஆறு சொட்டு விட்டது நினைவுக்கு வந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஏழு நாள் எண்ணினால் தவணை தாண்டிவிடும்.

“மஞ்சள்னு சொல்லிடுங்க,” என்றாள் மனைவி மெதுவாக. “நாளைக்குச் சரியாயிடும். அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?”

ஏழரை ஆயிற்று. போன் ஒலித்தது. இந்தத் தடவை அக்காவே கூப்பிட்டாள். லேப்காரர் வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டில் இருந்தபடி அவர் ஒருநாளும் நிறத்தை மாற்றிச் சொன்னதில்லை.

“அமோனியா லேசா பச்சை தட்டுதுக்கா. கொஞ்சம்தான். ஆனா பூஜ்யம் இல்ல.”

மனைவி அவர் தோளைப் பிடித்தாள். அல்லிக்குளமும், அதன் கரையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற கொக்கும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

“தம்பி,” என்றாள் அக்கா. தம்பி என்று அவள் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. “ஏழு நாளும் வரிசையா பூஜ்யம்னு நீ சொல்லியிருந்தா, ஒண்ணாவது இட்டுக்கட்டினதுன்னு நினைச்சு நான் வந்திருக்க மாட்டேன். பச்சைன்னு சொன்ன பாரு, இப்ப நம்பறேன். கொஞ்சூண்டு பச்சை இருந்தா ஒரு பக்கெட் தண்ணி மாத்தினா போச்சு. பக்கெட் தூக்க அங்க ஆள் இருக்குல்ல?”

“ரெண்டு பேர் இருக்கோம்,” என்றார். போனை மனைவி வாங்கி, அண்ணி எந்தப் பக்க அறை வேண்டும், காலை வெயில் வருகிற அறையா, காற்று வருகிற அறையா என்று கேட்க ஆரம்பித்தாள்.

அதிலிருந்து நாலாம் நாள் ஒரு வாடகை வேன் வாசலில் நின்றது. முன் இருக்கையில் அக்கா, அவள் மடியில் மூடி போட்ட பெரிய வாளி, வாளிக்குள் மாப்பிள்ளை. வழி நெடுக ஓட்டுநரை இருபதுக்கு மேல் ஓட்ட விடவில்லை போலிருந்தது. அந்த மனிதர் இறங்கியதும் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இந்த அம்மா எந்தப் பள்ளிக்கூடம் என்று தணிந்த குரலில் கேட்டார்.

அக்கா பெட்டியை இறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். சோதனைக் குழாயை அவளே வாங்கினாள். குலுக்கினாள். ஐந்து நிமிடம் நின்றபடியே காத்தாள். வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தாள். மஞ்சள். தம்பி இது சுத்த மஞ்சள் என்றார். அவள் இது கொஞ்சம் வெளிறின மஞ்சள் என்றாள். இருவரும் குழாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றபோது, மனைவி குறுக்கே வந்து இரண்டும் ஒரே மஞ்சள்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். தீர்ப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். அதைத் தம்பியால் நம்ப முடியவில்லை.

மாப்பிள்ளையை ஒரு பையில் தண்ணீரோடு மாற்றி, பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, கடைசியில் அக்கா தன் கையால் மீனை மட்டும் ஏந்தி உள்ளே விட்டாள். மாப்பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. இவ்வளவு பெரிய இடத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மூலையில் நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு மூன்று பேரையும் முறைத்தது. முறைத்த வாக்கிலேயே ஒரு நீளமான கயிறு விட்டது.

“போட்டுட்டான்!” என்று லேப்காரர் கத்தினார். வந்த நாளிலிருந்து சொட்டு அமோனியாவையே தின்று அலுத்த கிருமிகளுக்கு இந்த வீட்டில் முதல் நிஜச் சாப்பாடு அது.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அந்தக் கயிறு சுழன்று சுழன்று வடிகட்டிப் பக்கம் போவதைப் பார்த்தாள். பழுப்புப் பஞ்சைப் பார்த்தாள். பின்னால் கைகட்டி நின்ற தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“என்னம்மா, இந்தப் பஞ்சைக் கழுவறதே இல்லையா?”

லேப்காரர் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவிக்கு முதலில் முகம் சிவந்தது; பிறகு அவளும் சிரித்து, சிரித்து, அண்ணியின் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். என்ன விஷயம், என்ன விஷயம் என்று அக்கா மட்டும் அதட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஓட்டுநர் பெட்டியை இறக்கலாமா என்று கேட்டபடி நின்றார்.

“இறக்குப்பா,” என்றாள் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எல்லாத்தையும் இறக்கு.”